மேட்டுமூலை மல்லாட்டை

அக்கா,

இன்று காலை பக்கத்துக் கொல்லையில் விளைச்சல் எடை பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். உங்கள் காலத்து எண் புத்தகம் இப்போது இல்லை. எந்த இடம் என்பதைக் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. முளை அடித்து, கயிறு கட்டி, செடியைப் பிடுங்கினார்கள். நீங்கள் நிலக்கடலை என்று எழுதுவீர்களே, அந்தப் பச்சை மல்லாட்டையை வேரோடு பிடுங்கும்போது ஈர மண்ணும் பால்காயும் கலந்து ஒரு வாசம் வருமே, அது வரப்பைத் தாண்டி வந்து என்னை உட்கார வைத்துவிட்டது. நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. உங்கள் காரியத்தன்று வராத அழுகை இன்று வந்தது. ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாமெல்லாம் தென்னாற்காடு ஜில்லா. விழுப்புரம் புள்ளியியல் ஆபீஸில் உங்களுக்கு வேலை, வீடு திண்டிவனத்தில். வல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தோளில் டேப்பும் பையில் தராசுமாக பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். பொம்பளை ஒருத்தி கொல்லையை அளக்கிறாள் என்று ஊரே வரப்பில் நின்றது. எங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னாம்மா, வரி போட வந்துகிறீங்களா?"

"வரி இல்லீங்க. இந்தப் பக்கம் இன்னா வெளஞ்சுதுன்னு சர்க்காருக்குத் தெரியணும். எல்லாக் கொல்லையையும் எடை போட முடியாது. அதனால அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

"ஓ, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதமா!"

"அதேதான். ஆனா அந்த ஒரு சோத்த நாம தேடி எடுக்கக் கூடாது. கைக்கு எது வருதோ அத எடுக்கணும்."

அன்று எங்கள் வீட்டில் கேப்பைக் கூழ் குடித்தீர்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்னைப் பார்க்காமல் நீங்கள் போனதில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு பங்குனியில் ஓட்டமாக வந்தீர்கள். உங்கள் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருப்பதையும், அது வெளிநாட்டுச் சங்கங்களோடு சேர்ந்து வேலை செய்யப் போவதையும் சொன்னீர்கள். "சங்கமா? எங்க மாதர் சங்கம் மாதிரி சண்ட போட்டுக்கினே இருப்பீங்களா?" என்று கேட்டேன். "அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று சிரித்தீர்கள்.

ஆப்பிரிக்காவில் ஒரு தேசம். அங்கேயும் மல்லாட்டைதான் போடுகிறார்களாம். நாம் எடை பார்க்கிற முறையை நேரில் பார்க்க அந்தத் தேசத்துச் சங்கத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். பிடித்துப்போனால் அங்கே போய் ஆறு மாதம் கூடவே இருந்து செய்து காட்ட ஒருவரை அழைப்பார்கள். "என் பேரத்தான் எழுதி வச்சிருக்காங்க கன்னியம்மா" என்றீர்கள். உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எண் புத்தகத்தில் விழுந்தது எங்கள் கொல்லை என்றதும் எனக்கும் தலைகால் புரியவில்லை.

சங்கத்துச் செயலாளரோடு வேனில் வந்து இறங்கினார் அந்த அம்மா. "வெளிநாட்டாளுன்னீங்க, நம்ம பனமலைக்காரப் பொண்ணாட்டம் கீறாங்க!" என்று பிடுங்க வந்த பெண்கள் சொல்ல, நீங்கள் அதை இங்கிலீஷில் சொன்னீர்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெண்களோடு குந்தி ஒரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் புத்தகத்தைப் பார்த்து நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி என்று எண்ணி நடந்தீர்கள். போய் நின்ற இடம் மேட்டுமூலை. செம்மண்ணும் சரளைக் கல்லும் உள்ள இடம். செடி முழங்காலுக்குக் கூட எட்டாது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

"அக்கா, ஒரு பத்தடி கீழ தள்ளி அடிங்களேன். அங்க கரிசல், காய் கொத்துக் கொத்தா கீது."

"கூடாது கன்னியம்மா. மோசமான மூலையும் உன் நெலந்தான்."

பிடுங்கி ஆய்ந்து குவித்தால் ஒரு கூடைக்குக் கூடக் காய் இல்லை. இந்தச் சொத்தை எடையைப் பார்த்தால் உங்கள் வேலையே சொத்தை என்று அந்த அம்மா நினைத்துவிடுவார், உங்களை அழைக்க மாட்டார் என்று என் புத்தி சொன்னது. கிணற்றடியில் நீங்கள் எல்லோருக்கும் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கீழ்நிலத்தில் பிடுங்கி ஒரு மடி காய் கொண்டு வந்து குவியலில் கலந்தேன். எடை போட்டபோது, "பரவால்லியே, மேட்டுலயே இந்தக் காயா!" என்றார் செயலாளர். அந்த அம்மா எழுதிக்கொண்டார். நீங்கள் மட்டும் தராசு முள்ளைப் பார்த்தபடியே நின்றீர்கள்.

காயவைத்துப் பார்க்க அந்தக் காயில் கொஞ்சம் எடுத்துப் போயிருந்தீர்கள். பத்து நாள் கழித்துத் தனியாக வந்தீர்கள். கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினீர்கள்.

"இதுல செம்மண்ணு ஒட்டியிருக்கு. இதுல கரிசல். ஒரே மூலையில ரெண்டு மண்ணு எப்பிடிம்மா?"

"எனக்கின்னாக்கா தெரியும்? பிடுங்க வந்தவளுங்க யாராச்சும் கலந்திருப்பாளுங்க."

என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு, "அந்த எடை செல்லாதுன்னு ரெண்டு சங்கத்துக்கும் எழுதிப் போட்டுட்டேன். என் பார்வை தவறிடுச்சுன்னு" என்றீர்கள்.

"யாருக்குக்கா தெரியப் போவுது? உட்டுடக் கூடாதா?"

"அங்க இந்த மாதிரி எடைய வச்சுத்தான் வெளிதேசத்துலருந்து தானியம் வாங்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. இல்லாத காய யாரு கன்னியம்மா தின்ன முடியும்?"

அப்போதே காலில் விழுந்திருக்கலாம். வேறு யாரோ கலந்ததாக நான் உங்கள் சங்கத்துக்குச் சொல்லியிருந்தாலாவது உங்கள் பெயர் தப்பியிருக்கும். அந்த வருடம் சென்னையிலிருந்து வேறொருவரை அந்தத் தேசத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு உங்கள் பெயரை யாரும் எழுதவில்லை. நீங்கள் விமானம் ஏறவே இல்லை.

அதன் பிறகும் என் வீட்டுக்கு வந்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த அம்மா வருடா வருடம் உங்களுக்கு எழுதுவார். "உன்னக் கேட்டிருக்காங்க" என்று எனக்குப் படித்துக் காட்டுவீர்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வரும். மோர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். இப்படியே வருடங்கள் போயின.

இந்தத் தை மாதம் நீங்கள் படுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, இன்று சொல்லிவிடுவது என்றே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். கட்டிலில் பாதியாக இருந்தீர்கள். நான் ஆரம்பிப்பதற்குள் நீங்களே கேட்டீர்கள்.

"மேட்டுமூலையில இந்த வருசம் எப்படி?"

"நல்லாக் காச்சிருக்குதுக்கா."

லேசாகச் சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நம்பினீர்களா என்று தெரியாது. அதுதான் உங்களிடம் நான் கடைசியாகப் பேசியது. இதைச் சுமந்துகொண்டுதான் இனி நான் இருக்க வேண்டும்.

இந்த வருடம் மேட்டுமூலையில் ஒன்றும் காய்க்கவில்லை அக்கா. அந்த வருடமும் காய்க்கவில்லை. கலந்தது நான்தான்.

கன்னியம்மா