தண்ணிக் கஞ்சி

செவ்வாய் நிலையம். நாள் 212, காலை 7.10
எழுதுபவள்: மருத்துவர் ஜெனோவா. இங்கே நாங்கள் இருவர்தான். இன்னொருவர் பொறியாளர் மோத்தா, என் கணவர். தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் நேற்று நின்றுவிட்டது. சரக்குக் கலம் வரும்வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். சமையல் அவர் பொறுப்பு, ரத்தப் பரிசோதனை என் பொறுப்பு. மற்றபடி நலம்.

நாள் 215, காலை 7.30
படிப்பவருக்காக விளக்குகிறேன். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். அதை உடனே மோப்பம் பிடிப்பது சிறுநீரகம். ரெனின் என்ற புரதத்தை ரத்தத்தில் விடும். அதன் தூண்டுதலில் ரத்தக்குழாய்கள் இறுகும். சிறுநீரகத்தின் வேறு புரதங்கள் வெளியே போகிற உப்பைத் திரும்ப இழுக்கும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் வரும்.

ஆக, என் ரெனின் எகிறியிருக்க வேண்டும். ஆனால் சாதாரணமாக இருக்கிறது. கருவி மக்கர் பண்ணுகிறது. மோத்தா ஊசி என்றாலே ஓடுகிறார். கெட்டுப்போன கருவிக்காக அவரை ஏன் குத்துவது என்று விட்டுவிட்டேன்.

கஞ்சி இன்றும் தண்ணியாக இருந்தது. கைப்பக்குவமே இல்லை என்று திட்டினேன். சமைத்தவர் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவர் எப்போது குடித்தார் என்று நான் பார்க்கவில்லை.

நாள் 218, மாலை 4.00
பூமியிலிருந்து மகளின் குரல் வந்தது: "அப்பா, எனக்கு முன்பல்லு விழுந்துட்டு. அத்தை கூரையில எறிஞ்சிட்டாங்க. நீங்க வர்றதுக்குள்ள புதுசு முளைச்சிருமாப்பா?"

நான் தேம்பிவிட்டேன். சோப்பு விளம்பரம் பார்த்தே அழுகிற மனிதர் மோத்தா. இன்று அவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. "அழுதா தண்ணி வேஸ்ட்டுல்லா, டாக்டரம்மா" என்றார்.

நாள் 220, காலை 6.50
எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். நாடி பிடிபடவில்லை. மயக்கத்தில்தான் அவர் ரத்தத்தை எடுக்க முடிந்தது. ரெனின் கருவியின் உச்ச அளவையும் தாண்டிப் போயிருக்கிறது. பொட்டாசியமும் அப்படியே; சிறுநீரகம் ஓய்ந்தால் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும் உப்பு அது.

கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

அவர் சிறுநீரகம் இத்தனை நாளும் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. என்னுடையது சும்மா இருந்தது, அதற்குப் போதுமான தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தது. தன் பங்கை என் கஞ்சியில் ஊற்றியிருக்கிறார். நான் தண்ணியாக இருக்கிறது என்று திட்டியது அதைத்தான்.

இருந்த ஒரே சலைன் பையையும் ஏற்றிவிட்டேன். சிறுநீர் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

நாள் 220, பகல் 11.15
இதயம் நின்றுவிட்டது. கை ஓயும்வரை நெஞ்சை அழுத்தினேன். அவர் திரும்பி வரவில்லை.

நாள் 221, காலை
"சரக்குக் கலம் பேசுகிறது. மதியம் தரையிறங்குகிறோம். தண்ணீர் தாராளமாக இருக்கிறது. இருவரும் நலமா? பதில் சொல்லுங்கள். இருவரும் நலமா?"

அவர் டம்ளர் கழுவாமல் கிடக்கிறது. அடியில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது.

உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால் கண்ணீர் வராது. மருத்துவம் படித்த எனக்கு அது தெரியாதா?

எனக்கு நிற்காமல் வருகிறது. நேற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் அவர் ஊற்றிய தண்ணீர்.

கல்நெஞ்சு என்று சொல்லிவிட்டேனே, மோத்தா, உங்களைப் போய்