கதிரவெளிக் காரின் அடிப்பக்கம்

மே 10, சனி
முடிவு செய்தாயிற்று. வீட்டுக் கார் என் கணவர் ஜெயந்தன் அலுவலகம் போய்வர. எனக்கு ஒரு பழைய மொரிஸ் மைனர், கழற்றிப் பூட்ட. பதினெட்டு வருடம் இரசாயனவியல் படிப்பித்த கைக்கு ஸ்பனர் பிடிக்க வராதா என்ன?

ஜெயந்தன் சிரித்தார். "நீ வாங்குவ. பிறகு கராஜ்காரன்தான் செய்வான்."

ஒரு திருகாணியைக்கூட வேறு யாரும் தொடக் கூடாது. எழுதி வைக்கிறேன்.

மே 18, ஞாயிறு
கதிரவெளியில் ஒன்று. கடல் தொழில் செய்கிற வீடு. கார் என்ஜின் இறுகிப்போய் முற்றத்தில் நிற்கிறது. கிட்டப் போனாலே மீன் நாற்றம். "ஒருக்காப் படுத்து அடியில பாருங்க டீச்சர்" என்றார் வீட்டுக்காரி சீதேவி. உப்புக்காற்றில் நின்ற இரும்பைப் பற்றி எனக்கா பாடம்? பார்க்காமலே வந்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு
வாங்கிவிட்டேன்! இது வேறொன்று, ஆனால் இதுவும் மொரிஸ் மைனர்தான். படுவான்கரையில் வயல் செய்கிற கனகசிங்கத்தின் கார். கடல் காற்றே படாத இடம். பெயின்ற் மினுங்குகிறது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்தது.

ஜூன் 1, ஞாயிறு
பின்பக்கக் கம்பளத்தை உரித்தேன். அடித்தகடு துருவேறி அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. விரல் நிலத்தைத் தொடுகிறது.

கனகசிங்கத்துக்குப் போன் எடுத்தேன். "வயல் வட்டைக்கு உரமூட்டை ஏத்துற கார்தானே புள்ள, இருவது வருசமா" என்றார். அவர் ஒளிக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை.

உரம். பொற்றாசியம் குளோரைட்டு. அதுவும் உப்புத்தானே — போன மாதம்தான் வகுப்பில் சொன்னேன். என்ன டீச்சர் நான்?

ஜூன் 2
ஜெயந்தனிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 3
சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

ஜூன் 8, ஞாயிறு
மறுபடியும் கதிரவெளி. பாய் கேட்டு வாங்கி, படுத்துப் பார்த்தேன். தகடு முழுசாக இருக்கிறது, கறுப்பாக, பிசுபிசுவென்று.

"வள்ளத்துக்குப் பூசுற சுறா எண்ணெய எங்கட மனிசன் வருசா வருசம் இதுக்கும் பூசுவார். அதான் அண்டைக்குப் பாருங்க எண்டு சொன்னன்" என்றார் சீதேவி.

எந்த நாற்றத்துக்குப் பயந்து ஓடினேனோ, அதுதான் காரைக் காப்பாற்றியிருக்கிறது. காருக்கடியில் படுத்தபடியே சிரித்துவிட்டேன். இதையும் வாங்கிக்கொண்டேன். இங்கே நல்ல உடம்பு, அங்கே நல்ல என்ஜின். ஒரு கார் நிச்சயம் வரும்.

ஜூலை 20, ஞாயிறு
என்ஜின் மாறிவிட்டது. தூக்கும் சங்கிலியை இழுத்தது ஜெயந்தன், பூட்டியது நான். சங்கிலி திருகாணிக் கணக்கில் வராது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு
இருவருமாக முதல் ஓட்டம். கல்லடிப் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. பின்னால் ஒரே ஹோர்ன் சத்தம். நான் இறங்கிப் பொனட்டைத் திறப்பதற்குள் இரண்டு ஓட்டோக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் உள்ளே கை வைக்கப் போனார். மற்றவர் ஜெயந்தனிடம், "மெக்கானிக் ஒராளுக்குப் போன் எடுக்கவா அண்ணன்?" என்றார்.

ஜெயந்தன் இறங்கி வந்தார். "வேணாம் தம்பி. கைய எடுங்க. அவ பார்ப்பா."

பெற்றோல் குழாயில் தூசு. பத்து நிமிடம் பிடித்தது. அதுவரைக்கும் அவர் பாலத்தின் நடுவில் நின்று, கையைக் காட்டி வாகனங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.