தடித்த எழுத்தில் போடாத சேதி

அன்புள்ள சீனுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே பொம்மனஹள்ளியில் நாங்கள் இருக்கிறோம், நாள் ஓடுகிறது.

நேற்று போனில் நீ கோபப்பட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. உன்னைப் பெற்ற நைனாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததைப் போன மெயிலிலேயே எழுதியிருந்தேன். தண்ணீர் டேங்கர் வராததற்கும் மாடிவீட்டு யாமினிக்கு நிச்சயம் ஆனதற்கும் நடுவில் இருந்தது. நீ யாமினிக்கு வாழ்த்துச் சொல்லி பதில் போட்டாய், நைனாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டால், மூட்டை மாதிரி எழுதினால் யார் படிப்பது, முக்கியமானதைத் தடித்த எழுத்தில் போடு, சிவப்பில் போடு, நம்பர் போட்டு எழுது என்கிறாய். உனக்கு ஆபீஸ் மெயிலே தலைக்கு மேல் இருக்கிறதாம். சரிப்பா. ஆனால் வீட்டுச் சேதிக்கு எப்படி நம்பர் போடுவது, தண்ணீர் இல்லாத அன்றைக்கு அதுதானே முதல் சேதி. சிவப்பில் பார்த்தால் அவ்வளவு தூரத்தில் நீ பதறிப்போவாய் என்றுதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். நீ பயப்படவும் கூடாது, உன் கண்ணில் படவும் வேண்டும் என்றால் நான் எப்படித்தான் எழுதுவது, எனக்கு அலுத்துவிட்டது சீனு.

யாமினியைக் கேட்டேன், அவள் உன் கட்சி. அவர்கள் ஆபீஸில் கலரும் படமும் இல்லாமல் மெயிலே போகாதாம். படுத்திருந்த நைனா, எழுத்துக்கு எதற்கு ஜோடனை, படிக்கிறவன் படிப்பான் என்றார். அவள் விடாமல் என் போனை வாங்கிச் சொல்லிக்கொடுத்தாள். நான் எதை அழுத்தினேனோ, கடிதம் முழுக்கத் தடித்துப் போயிற்று. எல்லாமே முக்கியமா ஆன்ட்டி என்று சிரித்தாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது, ஆனாலும் பழையபடி மாற்றிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போங்கள். நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல் வாழவேண்டும். இனி ஒரே ஒரு சேதிதான், இதற்குப் பிறகு வேறு எதுவும் எழுதப்போவதில்லை, அதனால் இதைத் தாண்டிப் போகமாட்டாய். நைனாவுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பைபாஸ் ஆபரேஷன். உனக்கு எழுதவே கூடாது என்று என்னைத் தடுத்தவர், காலையிலிருந்து சீனுவுக்கு மெயில் போட்டாயா, போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் போடவேண்டாம், கிளம்பி வா.

உன் அம்மா,
சரசு