அத்தை வைக்காத பெயர்

நெய்யாஃபு, டோங்கா
மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

லுசேயானே எழுதுவது. நானும் குழந்தையும் நலம். ஹோனியாராவில் மழை விட்டதா? போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் குழந்தை தூங்கியதும் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மருமகள் பசித்தால் தெருவையே கூட்டிவிடுகிறாள். நீங்கள் இன்னும் பெயர் சொல்லாததால் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'தான். போதகரின் மனைவி நேற்று, "என்னடி, அத்தைக்காரி சாலமன் தீவுல போய் உக்காந்துக்கிட்டு பிள்ளைய இப்படிப் பேரில்லாம விட்டுட்டாளே" என்றார். நல்ல பேராக யோசிக்கிறீர்கள் என்று சமாளித்தேன். குறையாகச் சொல்லவில்லை அண்ணி, சும்மா சொல்கிறேன்.

எழுத வந்தது வேறு. குழந்தை பிறந்ததை அவர் வேலை செய்யும் கப்பலுக்குத் தெரிவிக்கும்படி இங்குள்ள மீன்துறை அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். இன்று பதில் வந்திருப்பதாகக் கூப்பிட்டுக் காட்டினார்கள். 'மிக்க மகிழ்ச்சி. நான் நலம். குழந்தைக்கு வெனிங் என்று பெயர் வை. செமிசி.'

பெயர் வைப்பது அத்தையின் முறையாயிற்றே என்றேன். காட்டியவர் சிரித்தார். "அப்பனான சந்தோஷத்துல மனுஷனுக்குத் தலைகால் புரியலம்மா. இந்தக் காலத்துல அத்தை, முறைன்னு யாரு பாக்கறாங்க? போய் பிள்ளைக்குப் பால் குடு."

உங்கள் தம்பியா அண்ணி? அக்கா என்ற மரியாதையில், நீங்கள் இருக்கும் அறையில் டிவி பார்க்கக்கூட உட்காராதவர். உங்களை முந்திக்கொண்டு பிள்ளைக்குப் பெயர் வைப்பாரா? அவர் இதை எழுதவில்லை. வேறு யாரோ அவர் பெயரில் எழுதியிருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கப்பலில் நம் ஆள் ஒருவர் கண்காணிப்பாளராக இருந்தால்தான் திருட்டு மீன்பிடிக்குப் பயப்படுவார்கள் என்று சொல்லி, அவரை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நீங்கள். எல்லாத் தீவுகளின் கடலும் உங்கள் மீன்பிடிக் கண்காணிப்பு அலுவலகத் திரையில் தெரியும் என்றும் சொன்னீர்கள். அந்தக் கப்பல் எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
லுசேயானே


ஹோனியாரா
மே 5

அன்பு லுசேயானே,

என் முன்னால் திரைச்சீலைக்கு நிறம் சொல்லக்கூட அவன் வாய் திறந்ததில்லை. உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கவில்லை.

திரையில் கப்பல் நம் எல்லைக்குள் சாதுவாகத்தான் நின்றது. என் மேலாளர் பிஜிக்காரர். அவரிடம், "எங்க ஊர்ல அப்பன் பிள்ளைக்குப் பேரு வைக்க மாட்டான், அது அத்தை வேலை" என்றேன். "அப்போ அங்க வேற எவனோ உங்க தம்பி வாயால பேசுறான்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

நியூசிலாந்து விமானம் ஒன்று போய்ப் பார்த்தது. திரை காட்டிய இடத்தில் ஒரு சின்னப் படகு மட்டும் மிதந்ததாம். கப்பலின் இருப்பிடம் சொல்லும் கருவியைக் கழற்றி அதில் கட்டிவிட்டிருக்கிறார்கள். கப்பல் எங்கோ போய்விட்டது. தாஹிதியிலிருந்து பிரெஞ்சு விமானமும், குக் தீவுகளின் ரோந்துக் கப்பலும் தேடக் கிளம்பியிருக்கின்றன.

உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். நீ வெளியே யாரிடமும் சொல்லாதே. சேப்பங்கீரை சாப்பிடு, பால் ஊறும்.

மெலெனாய்தே


நெய்யாஃபு
மே 7

அண்ணி,

நேற்றும் இன்றும் கடிதம் இல்லை. நல்ல சேதி இல்லையென்றாலும் எழுதுங்கள். அவர் சட்டையைத்தான் பாப்பாவுக்குப் போர்த்திவிடுகிறேன். பெயருக்கு இப்போது அவசரமில்லை. அவர் வந்து அவளைத் தூக்கிய பிறகு வையுங்கள். அதுவரை பாப்பாவாகவே இருக்கட்டும்.

லுசே


ஹோனியாரா
மே 9

லுசேயானே,

கிடைத்துவிட்டான். உயிரோடு இருக்கிறான். முதலில் இதைப் படி, அழு, பிறகு மீதியைப் படி.

யார் எல்லையிலும் சேராத நடுக்கடலில், சுறாத் துடுப்புகளை இன்னொரு கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவன் படம் எடுத்திருக்கிறான். கேமராவையும் சேதி அனுப்பும் கருவியையும் பிடுங்கிக்கொண்டு வலைக்கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவன் பெயரில் அலுவலகத்துக்குத் தினமும் வந்த 'நலம்' சேதிகள் எல்லாம் அவர்கள் அனுப்பியது. பிரெஞ்சு விமானம் கண்டுபிடித்தது, குக் தீவுக்காரர்கள் ஏறிப் பிடித்தார்கள். மெலிந்திருக்கிறானாம், கையில் ஒரு காயம், அவ்வளவுதான்.

நான் அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். பிஜிக்காரர் கதவைத் தட்டி, "அழுது முடிச்சிட்டு வாங்கக்கா, டீ ஆறுது" என்றார்.

மெலெனாய்தே


நெய்யாஃபு
மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டார். பாப்பாவைத் தூக்கியதும் அவள் செய்த முதல் காரியம், அவர் சட்டையை நனைத்தது. "கப்பல்ல எவனும் எனக்கு இவ்வளவு மரியாதை பண்ணல" என்றார்.

யாருக்கு நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. விமானம் ஓட்டியவர்கள் முகம் தெரியாது. குக் தீவு ரோந்துக்காரர்களுக்கு நம் வழக்கப்படி ஒரு பாய் அனுப்பினேன். உங்கள் மேலாளருக்கும் ஒன்று வருகிறது. அவருடைய டீக்காகத்தான் என்று சொல்லுங்கள்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலின் சமையல்காரர், ஜாவாவைச் சேர்ந்த சுகெங். கப்பல் தலைவனுக்குத் தெரியாமல் கிடங்குக்குச் சோறு கொண்டுவந்தவர் அவர்தான். ஆங்கிலம் தெரியும் என்பதால் சேதிகளையும் அவரைத்தான் எழுத வைத்திருக்கிறார்கள். "பிள்ளை பிறந்திருக்கு, நம்புற மாதிரி எழுது" என்று தலைவன் உறுமியிருக்கிறான். ஓர் அப்பன் என்ன எழுதுவான் என்று யோசித்துத் தன் மகள் பெயரை எழுதிவிட்டார். அவர் கடலில் இருக்கும்போது பிறந்தவள், இன்னும் பார்த்ததில்லையாம். கரைக்கு வந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோ அண்ணே, உன் பிள்ளைக்கு நான் பேரு வச்சுட்டேன்" என்று அழுதிருக்கிறார். இவர், "அது என் கையிலயே இல்லப்பா, எங்கக்கா கையில இருக்கு. அதனாலதான் நான் பொழச்சேன்" என்றாராம். அந்தக் கப்பலின் வேலையாட்கள் எல்லோரையும் அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சுகெங் மகளைப் பார்த்துவிட்டார்.

அண்ணி, உங்கள் தம்பி உங்களிடம் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். பாயில் பாப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு ஏதோ ஒரு பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கிறார். நான் எதுவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
லுசேயானே


ஹோனியாரா
மே 25

அன்பு லுசேயானே,

நீ எதுவும் எழுதவில்லை, நானும் எதுவும் படிக்கவில்லை.

என் மருமகளுக்குப் பெயர் யோசித்துவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாக யோசித்தது. வெனிங். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிக்கச் சொல். போதகரின் மனைவி முகத்தைச் சுளித்தால், அத்தை வைத்தது என்று சொல். அதற்கு மேல் அவர் பேச முடியாது. தம்பியிடம் நீ சொல்லாதே, அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.

ஜாவாவுக்கு ஒரு கடிதம் எழுது. பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கச் சொல். அவர் மகளுக்கு இங்கே ஓர் அத்தை இருக்கிறாள் என்றும் எழுது.

இரண்டு வெனிங்குகளின் அத்தை,
மெலெனாய்தே