ஆணி படாத சுவர்

என் ஆசை அக்காவுக்கு,

"கோமதி அக்கா" என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். நீ இருந்தவரைக்கும் அக்கா என்பதற்கு முன்னால் உன் பெயரைச் சேர்த்து நான் கூப்பிட்டதே இல்லை. இப்போது மட்டும் என்ன புது மரியாதை? யாராவது பக்கத்தில் நின்று இதைப் படித்துவிட்டு இந்த அக்கா யார் என்று கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில் மூத்தவளாகப் பிறந்தவள். கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சூப்பிரண்டென்ட் நாற்காலி வரைக்கும் போனவள். வயிற்று வலியை வாயு வாயு என்று சொல்லியே எங்களை ஏமாற்றிவிட்டுப் போனவள். அந்த ஒரு விஷயத்தில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வேங்கிக்கால் வீடு முடிந்துவிட்டது, அக்கா. நீ கடைசியாகப் பார்த்தபோது தளம் போட்டு முட்டுக் கொடுத்து நின்றது. இப்போது கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் ஒரு போர்ஷன், அதற்கும் ஆள் வந்தாயிற்று. அந்தச் சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் தேரடிப் பக்கத்துச் சந்தில் நாம் இருந்த அந்த முதல் வீடு வந்து நிற்கிறது. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

மாவட்டம் பிரிந்த மறு வருஷம். திருவண்ணாமலை முழுக்கப் புது ஆபீசுகள், வெளியூர் அதிகாரிகள். வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. உனக்கு வேலை உத்தரவு வந்தது, நான் பத்தாவது முடித்திருந்தேன். மற்றவர்களாக இருந்தால் பஸ்ஸில் போய் வந்திருப்பார்கள். நீயோ டவுனிலேயே வீடு எடுத்து, தங்கச்சியையும் கூட வைத்துப் படிக்க வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாய். அப்பா வழக்கம்போல அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பெரியப்பா கிழித்த கோட்டை அவர் என்றைக்குத் தாண்டியிருக்கிறார்?

பெரியப்பா அரை மனசோடு சம்மதித்தார். நாம் பால் காய்ச்சிய அன்றைக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டு, நடுக்கூடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா இது? செவுத்துல ஒரு சாமி படம் இல்ல, பெரியவங்க போட்டோ இல்ல. இது வீடா, லாட்ஜா? தீபத்துக்கு வருவேன். அப்பவும் இப்படியே கீதுன்னா ரெண்டு பேரும் பெட்டியக் கட்டிக்கினு கெளம்புங்க."

கிளம்பினால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நீ ஊரிலிருந்து பஸ்ஸில் ஆபீசுக்குப் போய்வரலாம். எனக்குப் படிப்பு அதோடு சரி. பெரியம்மா ஏற்கெனவே ஒரு ஜாதகத்தைக் கையில் வைத்திருந்தாள்.

ஒரு படம் மாட்ட இவ்வளவு யோசனையா என்று கேட்பார்கள். வீட்டுக்காரம்மாவைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள். நமக்கு முன்னால் இருந்தவர்கள் கடிகாரம் மாட்ட ஆணி அடித்து, பழைய சுண்ணாம்புக் காரை ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. அதனால் சாவியைக் கொடுக்கும்போதே, ஆணி என்கிற பேச்சே இருக்கக்கூடாது, ஒன்று அடித்தாலும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சுவரில் படம் இல்லையென்றால் பெரியப்பா கிளப்பிவிடுவார். மாட்டினால் வீட்டுக்காரம்மா கிளப்பிவிடுவார். நான் இரண்டு நாள் அழுதேன். நீ சுவரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய்.

உன் முதல் யோசனை மைதா பசை. கண்ணாடிச் சட்டம் பசைக்கு நிற்காது என்று காலண்டரிலிருந்து அண்ணாமலையார் படத்தை மட்டும் கத்தரித்து, பசை காய்ச்சி, பதமாக ஒட்டினாய். எனக்குக் கூடப் பெருமையாக இருந்தது. ஐப்பசி மழையை மட்டும் நாம் இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவில்லை. சுவர் ஓதம் காத்தது, பசை காயவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் சாமி தரையில் கிடக்கிறார், அவர் முதுகில் வீட்டுக்காரம்மாவின் வெள்ளை மொத்தமும் ஒட்டியிருக்கிறது.

நீ பதறவே இல்லை. சுண்ணாம்பு வாங்கி வந்து கரைத்தாய். வெள்ளையடிப்பவர்கள் கொஞ்சம் நீலம் சேர்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. ஈரத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்தது, காயக் காயச் சுவரில் ஆகாசம் தெரிந்தது. பள்ளிக்கூடப் பெஞ்சு அகலத்துக்கு ஒரு நீலம். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் உனக்குக் கோபம் வந்து, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தோசை கருகிப் போனதுதான் கிடைத்தது.

அந்த வாரக் கடைசியில்தான் மூங்கில் வாங்கப் போனோம். கூடத்தில் இந்தப் பக்கம் பரணைத் தாங்குகிற மரக்கட்டை, அந்தப் பக்கம் சன்னல் கம்பி. இரண்டுக்கும் நடுவே சுவரை ஒட்டி ஒரு மூங்கிலைக் கட்டிவிட்டால், அதிலிருந்து எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம் என்று ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியதாம் உனக்கு. முன் முனையை நீ, பின் முனையை நான் தோளில் வைத்துக்கொண்டு தேரோடும் வீதியில் நடந்தோம். தாவணி போட்ட எனக்கு மானம் போனது. டீக்கடையில் நின்ற ஒருவன், எங்க பந்தல் போடறீங்க, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்களுக்குத்தாங்க, மறக்காம வந்துடுங்க" என்றாய். கடையே சிரித்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் உன்மேல் வந்த பெருமை இருக்கிறதே, அது இன்றுவரைக்கும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

கட்டுவதற்குக் கயிறு வேண்டாம் என்றாய். கூடை பின்ன வைத்திருந்த பச்சை வயரையும் சிவப்பு வயரையும் இரட்டையாக எடுத்து முறுக்கினாய். ஊரிலிருந்து தாத்தா போட்டோ வந்தது. அப்பா அம்மா கல்யாணப் போட்டோ வந்தது. அண்ணாமலையாரைச் சட்டம் போட்டு வாங்கினோம். ஃபேன் காற்றில் சட்டங்கள் ஆடிச் சுவரை உரசக்கூடாது என்று பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொரு மூலைக்கும் பின்னால் மெத்தை வைத்துத் தைத்தாய். நீலத்துக்கு நேராகத் தாத்தா. அவர்தான் அகலமான சட்டத்தில் இருந்தார்.

தீபத்தன்று மத்தியானமே அப்பாவும் பெரியப்பாவும் வந்துவிட்டார்கள். பெரியப்பா உள்ளே வந்து, சுவரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காபி போட உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா வந்தார். மாடியில் தீபம் பார்க்க நம்மைக் கூப்பிடத்தான் வந்தார். ஆனால் வாசற்படியிலேயே கண் சுவருக்குப் போய்விட்டது. இவ்வளவு படமா, யாரைக் கேட்டு ஆணி அடித்தீர்கள் என்று நேராகப் போய் ஒவ்வொரு படமாகத் தூக்கிப் பின்னால் பார்க்க ஆரம்பித்தார். அண்ணாமலையார் பின்னால் ஒன்றும் இல்லை. அப்பா அம்மா பின்னால் ஒன்றும் இல்லை. மூன்றாவதாகத் தாத்தாவைத் தூக்கினார்.

காபித் தம்ளரோடு நான் அப்படியே நின்றேன். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அப்பா தரையைப் பார்த்தார். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லேன் என்று நான் மனசுக்குள் உன்னைக் கெஞ்சினேன். குடிவரும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொன்னால் அவர் மறுக்கவா போகிறார்? நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாய்.

"ஆணி அடிக்கலம்மா. மொதல்ல பசை வெச்சு ஒட்டினேன், வெள்ள பேந்துக்கினு வந்துடுச்சு. நான்தான் சுண்ணாம்பு அடிச்சேன். நீலம் ஜாஸ்தியாயிடுச்சு. வெள்ளையடிக்கிறப்ப சொல்லுங்க, இந்த எடத்த நானே அடிச்சுத் தரேன்."

வீட்டுக்காரம்மா தாத்தாவை மெதுவாக விட்டார். வயரைப் பிடித்து மேலே பார்த்தார், மூங்கிலின் இரண்டு முனைகளையும் பார்த்தார். மூலைக்கு வைத்திருந்த மெத்தையைத் திருப்பிப் பார்த்தபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, இத்தனை வருஷமாக வாடகைக்கு விடுகிறேன், என் சுவருக்கு வலிக்கும் என்று யோசித்தவர்கள் இந்தப் பெண்கள்தான் என்றார். உங்கள் பிள்ளைகளா என்று வேறு கேட்டார்.

பெரியப்பா மூங்கில் கட்டுக்குக் கீழே போய் நின்று, கையால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். வைக்கோல் வண்டிக்குக் கட்டுப் போட்ட கை அது, சும்மா தொட்டுப் பார்க்கிற கை இல்லை. கட்டு அசையவில்லை. யார் போட்ட முடிச்சு என்று கேட்டார். நான்தான் பெரியப்பா என்றாய். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டதை அங்கே யாருமே எதிர்பார்க்கவில்லை.

"எல்லாரும் கீறாங்க. நான் எங்கம்மா?"

"ஒங்களுக்கு எடம் விட்டு வெச்சிருக்கேன் பெரியப்பா" என்று கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தைக் காட்டினாய். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அப்படி ஒரு இடம் இருப்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீ சொன்னதும் அங்கே இடம் இருந்தது. என் படிப்பைப் பற்றியோ, பெட்டி கட்டுவதைப் பற்றியோ அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் மாடியில் எல்லோரோடும் நின்று மலையுச்சியில் தீபம் ஏறியதைப் பார்த்தோம். வீட்டுக்காரம்மா கேட்ட கேள்விக்குப் பெரியப்பா அப்போதுதான் பதில் சொன்னார், ஆமா எங்க பொண்ணுங்கதான் என்று. தை மாதம் ஸ்டுடியோவில் எடுத்துச் சட்டம் போட்ட தன் போட்டோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நீ அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் கீழே நின்று, நேராக இருக்கிறதா பார் என்று என்னைப் படுத்தினார்.

நான் பிளஸ் டூ முடித்தேன், பி.எஸ்ஸி. முடித்தேன், பி.எட். முடித்தேன். இன்றைக்கு என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். எல்லாம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து படித்தது. அந்த வருஷங்களில் உனக்கென்று வந்த வரன்களை நீ ஏன் தட்டிக்கழித்தாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

இப்போது மாடி விஷயம். செங்கம் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு இங்கே தாலுகா ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னொருத்தி அவள் சித்தப்பா பெண், ஐ.டி.ஐ.யில் படிக்கிறாள். ஐந்தாறு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். கூட ஆண் துணை யார் என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். என் கணவர் நல்லவர்தான், அவரும் கொஞ்சம் இழுத்தார். எங்கள் அக்காவும் நானும் அப்படி இருந்தவர்கள்தானே, நான் என்ன கெட்டா போனேன் என்று கேட்டேன். அப்புறம் அவரே போய் மாடிக்குத் தண்ணீர்க் குழாய் சரியாக வருகிறதா என்று பார்த்தார்.

நேற்று சாமான் ஏற்றினார்கள். இன்றைக்குக் காலையில் பெரியவள் கீழே வந்து, தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, செவுத்துல ஆணி அடிச்சிக்கலாங்களா?" என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பகீர் என்றது. பெயிண்ட் வாசனைகூடப் போகாத சுவர், அக்கா. நான் போய் வண்ணம் பார்த்துப் பார்த்து எடுத்தது. ஒரு நிமிஷம் அந்த வீட்டுக்காரம்மா என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டார். விழுங்கிவிட்டு, "அடிச்சிக்கம்மா, ஒங்க வீடுதான்" என்றேன். சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டு, நம் வீட்டுச் சுத்தியலையும் கொடுத்து அனுப்பினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே அடிக்கிறார்கள். ஒன்று அடித்து நிறுத்துகிறார்கள், ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள். யாருடைய படத்தை மாட்டுகிறார்கள், எந்தச் சுவரில், எத்தனை என்று எனக்குக் கை பரபரக்கிறது. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர்களாகக் கூப்பிடாமல் அந்த மாடிப்படியில் கால் வைக்க மாட்டேன். கூப்பிட்டுப் போனாலும் எந்தப் படத்தையும் தூக்கிப் பின்னால் பார்க்க மாட்டேன்.

சொந்த வீட்டுக்காரியாகிவிட்ட, என்றைக்கும்
உன் தங்கச்சி,
மல்லிகா