கொண்டை ஊசிக்குத் திறக்காத பூட்டு

நம் பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

வேலைக்கு வந்த இந்த வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவும் நானும் தினமும் டி.வி.யில், தமிழில் பேசும் சீன ராஜா காலத்துத் தொடர் பார்க்கிறோம். விஷம் வைத்தவனைக் கடைசிவரை மறைப்பதில் தொடர் எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் ஐந்தாம் வகுப்பு படித்த நான், மூன்றாம் நாளே அது வைத்தியன்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன்! அதில் துப்பறியும் பெண்ணுக்குத்தான் காதல் வந்ததும் புத்தி மழுங்கிவிடுகிறது.

நேற்றுப் பக்கத்து வீட்டில் பால் தீய்ந்து, கட்டடமெங்கும் அபாய மணி அலறியது. முதலாளியம்மா வழக்கம்போல் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிப் போயிருந்தார். "அந்தச் சீனாக்காரி மாதிரி கொண்டை ஊசிய விட்டுத் திறடி!" என்று பெரியம்மா கத்தினார். இரண்டு ஊசிகள் வளைந்ததுதான் மிச்சம். தொடரில் அது சுத்தப் பொய். பயப்படாதீர்கள், புகை அடங்கிவிட்டது.

முதலாளியம்மாவின் கார் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஒரு சாவியை உள்ளே வைக்கும்படி, என்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நான் கேட்டால், ஓடப் பார்க்கிறேன் என்பார்கள்.