மூடியைத் திறந்ததும் வந்த வைஃபை

அன்புள்ள விக்கி அண்ணனுக்கு,

நைனாவும் அம்மாவும் ஆசீர்வதித்து எழுதச் சொல்லி, வைஷ்ணவி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், ஏரியில் இறால் நன்றாகப் படுகிறது, மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நீ போனை எடுப்பதில்லை, மெசேஜும் பார்ப்பதில்லை, அதனால்தான் ஆரம்பாக்கம் ஸ்டீபன் அண்ணன் அங்கே வேலைக்குத் திரும்பும்போது கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறோம். சோபியாவைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டதும் நைனா கோபத்தில் போனை வைத்துவிட்டார் என்றுதானே நினைக்கிறாய். வைத்தது நைனா இல்லை அண்ணா, நம் வீட்டு வைஃபை. காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன்.

பழைய ரவுட்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போனதால் புதியதை அம்மா ஒரு பெரிய தகர டின்னுக்குள் வைத்திருந்தாள். காலையில் மூடி திறந்திருக்கும், பிற்பகலில் கடல்காற்று எழும்பினால் மூடிவிடுவாள். நீ கூப்பிடுவதும் அந்த நேரத்தில்தான். பேச்சு அறுபடும்போதெல்லாம், காற்றில் கம்பி ஆடுகிறது என்றார் நைனா. பழுது பார்க்க வந்தவர் டின்னைத் திறந்தார், பச்சை விளக்கு எரிந்தது, நெட்டும் வந்தது, ஒன்றும் கெடவில்லை என்று போய்விட்டார். நான் திறந்து பார்த்தபோதும் அப்படியே. பிறகுதான் எனக்கு உறைத்தது, பார்க்கிற எல்லோருமே மூடியைத் திறந்துதானே பார்க்கிறோம். தகரம் ரேடியோ அலைகளை மறைக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அடிக்கிற காற்றில் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன், நெட் அறுபடாமல் இருந்தது. மூடினேன், போனது.

மூடியைத் திறந்தே வைக்க அம்மா ஒப்பவில்லை. "ரேடியோ, மிக்சி எல்லாம் இந்தக் காத்துக்குக் குட்த்தாச்சு, இதையும் குடுக்கணுமாடி" என்று கேட்டாள். பின்புறம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடியதும் சமாதானமானாள். நேற்று முழுக் காற்றில் எளாவூர் கோவிந்தம்மா அத்தையோடு வீடியோவில் பேசினோம், ஒரு தடவைகூட அறுபடவில்லை, கடைசியில் அத்தைதான் சோறு வைக்கணும், ஆளை விடுங்க என்றாள். நைனா அம்மாவைப் பார்த்து, "நான் காத்து மேல பழி போட்டுனு கீறேன், திருடன் உன் டின்னுல கீறான்" என்றார்.

அன்று நீ கேட்டதற்கு நைனா உடனே பதில் சொன்னார், லைன் போனது தெரியாமல் சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினார். அவர் சொன்னது இதுதான்: "இட்டுனு வாடா. இதுக்குப் போய் இன்னா கேள்வி."

நீங்கள் இருவரும் நூறாண்டு நன்றாக இருக்க ஆசீர்வாதம். மறக்காமல் போனை எடு, அம்மா சோபியாவோடு பேசக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
நைனா நீலமேகம், அம்மா வேலம்மா
எழுதியவள் வைஷ்ணவி